முந்நூறு ஏக்கரும் ஒரு சொல்லும்: விக்ஃபோர்ட் தேவாலயத்தின் வரலாறு

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நாரகான்செட் விரிகுடாவின் மேற்குக் கரையில், விக்ஃபோர்ட் என்னும் சிறிய துறைமுக ஊர் உள்ளது. அங்கே தெருவிலிருந்து சற்று உள்ளொடுங்கி நிற்கும் மரத்தாலான தேவாலயம் ஒன்றை, அறியாதவர்கள் வசதியான குடும்பம் ஒன்றின் பழைய வீடு என்றே எண்ணக்கூடும். கோபுரம் இல்லை. இரண்டு அடுக்குச் சன்னல்கள். அவற்றுள் சில வளைந்த தலைப்புடையவை. உள்ளே, குடும்பத்துக்கு ஒன்றாகப் பெட்டிபோல் அடைக்கப்பட்ட இருக்கைகள், உயர்ந்த பிரசங்க மேடை, மேலே ஒரு மாடம். 1707இல் கட்டப்பட்ட இத்தேவாலயத்தின் முறையான பெயர் தூய பவுல் ஆலயம். வழக்கில் 'பழைய நாரகான்செட் தேவாலயம்'. அமெரிக்காவின் வடகிழக்கில் எஞ்சியுள்ள மிகப் பழைய எபிஸ்கோபல் தேவாலயக் கட்டடங்களுள் ஒன்று.

இக்கட்டடம் விக்ஃபோர்ட்டில் கட்டப்பட்டதன்று. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில், பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஒரு மேட்டில் அது எழுந்தது. தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் அங்கே நின்றபின், 1800இல் விக்ஃபோர்ட்டுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. மாடுகள் பூட்டி இழுத்து வந்தார்கள் என்பது ஊர் வழக்கு. மரக் கட்டடங்களை இடம் மாற்றுவது நியூ இங்கிலாந்தில் வியப்புக்குரிய செயலன்று. ஆயினும் இந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை, அந்த மேட்டிலிருந்து எது வந்தது, எது வரவில்லை என்ற கேள்வி எளிதானதன்று.

தேவாலயத்தை எழுப்பக் காரணமாக இருந்தது, 1701இல் லண்டனில் அரச சாசனம் பெற்ற எஸ்.பி.ஜி. என்னும் நற்செய்திப் பரப்புக் கழகம். இங்கிலாந்துத் திருச்சபைக்கு வேர் இல்லாத குடியேற்றங்களுக்குக் குருமார்களை ஊதியம் கொடுத்து அனுப்புவது அதன் பணி. பாஸ்டனிலிருந்து வந்த கிறிஸ்டோபர் பிரிட்ஜ் என்ற குருவின் காலத்தில் கட்டடம் எழுந்தது. (அதே 1707இல்தான் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தம் முதல் எருசலேம் ஆலயத்தை அர்ப்பணித்தார். இது வெறும் தற்செயல். ஆனால் எஸ்.பி.ஜி.யின் பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கும் மேல் கழித்துத் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் சேகரங்களை நடத்தியது இதே கழகமே.)

ரோட் ஐலண்ட் ஒரு விதிவிலக்கான குடியேற்றம். 1663ஆம் ஆண்டின் அரச சாசனம் அங்கே மனச்சான்றின் உரிமையை உறுதி செய்திருந்தது. சட்டத்தால் நிறுவப்பட்ட திருச்சபை என்று எதுவும் இல்லை. குவேக்கர்கள், பாப்டிஸ்டுகள், காங்கிரிகேஷனல் சபையினர் ஆகியோருக்கு நடுவே, மன்னரின் திருச்சபையும் பத்தோடு பதினொன்று. இதற்கு வித்திட்ட ரோஜர் வில்லியம்ஸ் மொழியியல் மாணவர்களுக்கும் அறிமுகமானவர். நாரகான்செட் மக்களின் மொழியைப் பற்றி 1643இல் அவர் வெளியிட்ட நூல், வட அமெரிக்கப் பூர்வகுடி மொழி ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் நூல் வடிவ ஆய்வு என்று கருதப்படுகிறது. அவர் வணிகச் சாவடி வைத்திருந்த கொக்கும்ஸ்கஸக் இன்றைய விக்ஃபோர்ட்டுக்கு மிக அருகில் உள்ளது. 1651இல் அவர் அதை விற்றுவிட்டார். 1675 டிசம்பரில் காலனியப் படை அவ்விடத்திலிருந்தே புறப்பட்டுச் சென்று, பெருஞ்சதுப்பில் அடைக்கலம் புகுந்திருந்த நாரகான்செட் மக்களைக் கொன்று குவித்தது. ஒரு மொழியின் சொற்களைக் கேட்டறிந்தவர் வாழ்ந்த இடத்திலிருந்து, முப்பது ஆண்டு இடைவெளியில், அம்மொழியைப் பேசியவர்களை அழிக்கப் படை கிளம்பியது. தேவாலயம் நின்ற நிலத்தின் முன்கதை இது.

அந்த நிலத்தைப் பற்றிய மற்றொரு செய்தியே இவ்வரலாற்றின் மையம். 1650களின் இறுதியில், ஆங்கிலேயர் சிலர் கூடி நாரகான்செட் தலைவர்களிடமிருந்து பெட்டகுவாம்ஸ்கட் என்ற பெரும்பரப்பை வாங்கினர். 1668இல் அவர்கள் அதில் முந்நூறு ஏக்கரை ஒதுக்கிவைத்தனர். யாருக்கு? அங்கு வாழ்வோருக்குக் கடவுளின் வார்த்தையைப் போதிக்க வரப்போகும் 'ஆர்த்தடாக்ஸ்' ஒருவருக்கு. எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். தம்மைச் சேர்ந்தவரே நேரான கொள்கையினர் என்பதில் எவருக்கும் ஐயம் வருவதில்லை அல்லவா!

கிரேக்கத்தில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது, 'டாக்ஸா' என்றால் கருத்து. அகராதிப் பொருள் இவ்வளவே. பயன்பாட்டில் இச்சொல் 'இங்கே', 'நாளை' போன்ற சுட்டுச் சொற்களின் குணத்தைக் கொண்டது. பேசுபவர் யார், எப்போது பேசுகிறார் என்பது தெரியாமல் அதன் பொருளை நிறுத்த இயலாது. தமிழில் 'வைதிகம்' என்ற சொல்லை ஒன்றோடொன்று முரணும் எத்தனை மரபுகள் தமக்கே உரியதென்று கோரியுள்ளன என்பதை நினைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும்.

1721இல் இத்தேவாலயத்துக்கு எஸ்.பி.ஜி. அனுப்பிய குரு ஜேம்ஸ் மெக்ஸ்பாரன். வட அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய தொடக்கம் பிரெஸ்பிட்டேரியன் மரபில்தான். 1718இல் அவர் அமெரிக்கா வந்ததும், பிரிஸ்டல் என்ற ஊரில் காங்கிரிகேஷனல் சபைப் போதகராகும் நோக்கத்துடனேயே. அங்கே அவருடைய சான்றிதழ்கள் பற்றி ஐயம் கிளப்பப்பட்டது. பாஸ்டனின் புகழ்பெற்ற போதகர் காட்டன் மேதரும் எதிர்த்தார். சான்று கொண்டுவரக் கடல் கடந்த மெக்ஸ்பாரன், 1720இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாக அபிஷேகம் பெற்றுவிட்டார். (அயர்லாந்தில் பிறப்பு, பிரெஸ்பிட்டேரியன் பின்புலம், கிளாஸ்கோ படிப்பு, வேறொரு சபையின் ஊழியராக வந்து பின் எஸ்.பி.ஜி.யில் இணைதல்: இந்த வரிசை கால்டுவெல்லின் வாழ்க்கையையும் நினைவூட்டும். ஆனால் ஒற்றுமை அத்தோடு நின்றுவிடுகிறது.)

1723 அளவில் மெக்ஸ்பாரன் அந்த முந்நூறு ஏக்கருக்கு வழக்குத் தொடுத்தார். ஆங்கிலச் சட்டப்படி 'ஆர்த்தடாக்ஸ்' என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் குருவையே குறிக்கும் என்பது அவர் தரப்பு. எதிர்த்தரப்பில் நின்றது காங்கிரிகேஷனல் சபை. 1732இல் அச்சபையின் போதகராக அபிஷேகம் பெற்ற ஜோசப் டோரி வழக்கைத் தம் பெயரில் முன்னெடுத்தார். கொடையாளர்களுள் ஒருவரான ஜான் ஹல், பாஸ்டனில் நாணயம் அடித்த பியூரிட்டன். அவர் வாயில் 'ஆர்த்தடாக்ஸ்' என்பதற்கு அவருடைய சபையே பொருள் என்பது டோரி தரப்பின் வாதத்துக்கு வலுவான அடிப்படை. மேலும், ரோட் ஐலண்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட திருச்சபையே இல்லாதபோது, சட்டம் ஒரு சபையை மட்டும் நேரானது என்று எப்படிச் சொல்லமுடியும்?

எழுத்தின் பொருள் எழுதியவரின் கருத்தில் உள்ளதா, அதை ஆளும் சட்டத்தில் உள்ளதா? இன்றைக்கும் அரசமைப்புச் சட்டங்களைப் பொருள்கொள்வதில் ஓயாத இந்தக் கேள்வி, ஒரு சிற்றூரின் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுழன்றது. காலனியின் நீதிமன்றங்களைத் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து, மன்னரின் ஆலோசனை அவைக்குச் சென்றது. 1752இல் இறுதித் தீர்ப்பு வந்தது. வென்றவர் டோரி. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான மன்னரின் அவையே, அத்திருச்சபையின் குருவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு டப்ளினில் வெளியான 'அமெரிக்கா டிசெக்டட்' என்ற நூலில், அமெரிக்காவுக்குக் குடியேற எண்ணும் அயர்லாந்தியரை மெக்ஸ்பாரன் கசப்போடு எச்சரித்தார். தட்பவெப்பம் கெட்டது, பணம் மதிப்பற்றது, எங்கு பார்த்தாலும் சமயப் புரட்டுகள். தோற்ற வழக்கின் சூடு அந்தப் பக்கங்களில் இல்லையென்று சொல்வது கடினம்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு மை சிந்தப்பட்ட அதே ஆண்டுகளில், அதே தேவாலயத்தில், மற்றொரு சொல் எவருடைய கேள்விக்கும் உள்ளாகாமல் புழங்கிக்கொண்டிருந்தது.

நாரகான்செட் நிலப்பகுதி அக்காலத்தில் நியூ இங்கிலாந்தின் பிற பகுதிகளைப் போன்றதன்று. அங்கே இருந்தவை பெரும் பண்ணைகள். கால்நடை, பாலாடைக்கட்டி, நாரகான்செட் பேசர் எனப்படும் புகழ்பெற்ற சவாரிக் குதிரை ஆகியவை அவற்றின் செல்வம். குதிரைகளும் உணவுப் பொருள்களும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறின. பண்ணைகளில் உழைத்தவர்களுள் பெரும் பகுதியினர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களும் பூர்வகுடியினரும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சவுத் கிங்ஸ்டவுனின் மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். நியூ இங்கிலாந்துக்கு இது மிக உயர்ந்த விகிதம். இப்பண்ணைக் குடும்பங்கள் பலவற்றின் தேவாலயம் தூய பவுல் ஆலயம். மெக்ஸ்பாரன் மணந்த ஹானா கார்டினரும் அத்தகைய குடும்பத்தவரே. கீழே பெட்டி இருக்கைகளில் குடும்பங்கள் அமர்ந்தன, அடிமைகளுக்கு மேல்மாடம்.

மெக்ஸ்பாரன் அவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். 1743இல் ஏறத்தாழ 70 பேர் அவருடைய வகுப்பில் இருந்தனர். ஞாயிறு ஆராதனைக்கு முன் அவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அக்காலத்துக் குருமார் பலர் செய்யாத பணி இது என்பதையும் சொல்லியாகவேண்டும். அதே சமயம் அவரும் அடிமை உடைமையாளர். 1743 முதல் 1751 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு எஞ்சியுள்ளது. வானிலை, வைக்கோல் அறுப்பு, பிரசங்கம், வயிற்று நோவு, வீட்டுச் சண்டை எல்லாம் கலந்து கிடக்கும் அந்தக் குறிப்புகளில், ஸ்டெப்னி, ஹானிபல், ஹாரி, மரோகா முதலிய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஸ்டெப்னி 1745இல் நீரில் மூழ்கி இறந்தார். மெக்ஸ்பாரன் அழுதார். வெளியே அனுப்பினால் சொன்ன வேலையை முடித்துத் திரும்பும் நம்பகமான ஆள் இனி இல்லையே என்று எழுதினார். துயரம் உண்மையானது, அது அமர்ந்துள்ள வாக்கியமோ பயன்பாட்டைப் பற்றியது. மரோகா திருமுழுக்குப் பெற்ற பெண். மிங்கோ என்பவரிடமிருந்து பரிசுப் பொருள்களைப் பெற்றுக்கொண்டதற்காக அவரை மெக்ஸ்பாரன் சாட்டையால் அடித்தார். திருத்துவது தம் கடமை என்று எழுதியபின், இது குறித்துத் தமக்கும் மனைவிக்கும் இடையே எழுந்த கோபத்தை ஆண்டவர் மன்னிக்கவேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப்பட்டது கணவன் மனைவிக்கு இடையிலான கோபத்துக்கு; சாட்டைக்கு அன்று. 1751இல், இரவில் வெளியே போயிருந்த ஹானிபலைச் சட்டையைக் கழற்றி அடித்தார். அடித்தது போதாது என்று மனைவி தாமும் இரண்டு அடி கொடுத்தார். ஹானிபல் ஓடினார்; பிடித்து வரப்பட்டார். கொல்லரைக் கொண்டு அவர் கழுத்தில் கொக்கிகளுடைய இரும்புப் பட்டை மாட்டப்பட்டது. எழுதியவர் இவற்றை ஒளிக்கவில்லை என்பதே இக்குறிப்புகளை வாசிப்பவரை நிறுத்தும் செய்தி. ஒளிக்கவேண்டியது என்று அவருக்குத் தோன்றவில்லை.

இவர்களைக் குறிக்க மெக்ஸ்பாரன் கையாண்ட சொல் 'சர்வெண்ட்'. அவர் மட்டுமல்லர், நியூ இங்கிலாந்து முழுவதும் அதுவே வழக்கு. ஊதியம் பெறும் வேலையாள், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விடுபடுபவர், வாழ்நாள் முழுதும் உடைமையாக வைக்கப்பட்டவர் ஆகிய மூவரையும் ஒரே சொல் மூடியது. அதற்குத் திருமறையின் ஆதரவும் இருந்தது. எபிரேயத்தில் 'எபெத்' என்றும் கிரேக்கத்தில் 'தூலோஸ்' என்றும் அடிமையைக் குறிக்கும் சொற்களை, 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு பெரும்பாலும் 'சர்வெண்ட்' என்றே தந்தது. தமிழ் மொழிபெயர்ப்பிலும் 'தூலோஸ்' பல இடங்களில் 'ஊழியக்காரன்' ஆனது நினைவுக்கு வரும். மாடத்தில் அமர்ந்தவர்கள் அந்தத் திருமறையைக் கேட்டபோது, பவுல் தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட பெயரும் தங்களை வீட்டில் அழைக்கும் பெயரும் ஒன்றாகவே காதில் விழுந்தன. மெக்ஸ்பாரன் 'ஆர்த்தடாக்ஸ்' என்பதன் எல்லையை வரையறுக்க மூன்று பதிற்றாண்டுகள் வழக்காடினார். 'சர்வெண்ட்' என்பதன் எல்லையை வரையறுக்க எவரும் எந்த நீதிமன்றத்தையும் நாடவில்லை.

பெயர்களும் தனியே கவனிக்கத் தக்கவை. ஸ்டெப்னி, லண்டனின் ஒரு பகுதி. ஹானிபல், ரோமை நடுங்க வைத்த கார்த்தேஜ் தளபதி. இலத்தீன் படித்த உடைமையாளர்கள் சீசர், பாம்பி, கேட்டோ என்று அடிமைகளுக்குப் பெயரிடுவதில் ஒருவகை எள்ளல் இருந்தது. ஆனால் நியூ இங்கிலாந்தின் ஆவணங்களில் கஃபீ, குவாக்கோ போன்ற பெயர்களும் கிடைக்கின்றன. இவை அகான் மொழியின் கிழமைப் பெயர்களான கோஃபி (வெள்ளியில் பிறந்தவர்), குவாக்கு (புதனில் பிறந்தவர்) என்பவற்றின் ஆங்கில எழுத்து வடிவங்கள். எவரோ ஒரு தாய் இட்ட பெயர், உடைமையாளரின் செவி வழியாகவும் எழுத்தரின் பேனா வழியாகவும் திரிந்து, பதிவேட்டில் தங்கிவிட்டது.

திருமுழுக்குப் பெற்றவர் விடுதலை பெறுவாரா என்ற அச்சம் உடைமையாளர்களுக்கு நெடுங்காலம் இருந்தது. இந்த இடத்தில் மெய்யியல் மாணவர்கள் நன்கறிந்த ஒருவர் வருகிறார்: ஜார்ஜ் பெர்க்லி. 1729 ஜனவரியில் நியூபோர்ட்டில் வந்திறங்கிய அவர், 1731 வரை அங்கே வாழ்ந்தார். விரிகுடாவைக் கடந்து நாரகான்செட்டுக்கும் வந்தார். அவருடன் வந்த ஓவியர் ஜான் ஸ்மைபெர்ட் மெக்ஸ்பாரன் இணையரின் உருவங்களை வரைந்தார். பெர்க்லி நியூபோர்ட்டில் அடிமைகளை விலைக்கு வாங்கினார். அதே 1729இல் இங்கிலாந்தின் அரசு வழக்கறிஞர்களான யார்க், டால்பட் இருவரும், திருமுழுக்கு அடிமையை விடுவிக்காது என்று கருத்துரை வழங்கியிருந்தனர். அக்கருத்துரையை அச்சிட்டுக் குடியேற்றங்களில் பரப்பியதாகப் பெர்க்லி 1732இல் எஸ்.பி.ஜி.யின் ஆண்டுப் பிரசங்கத்தில் தெரிவித்தார். உடைமையாளர்களின் அச்சம் நீங்கினால் அடிமைகளுக்கு நற்செய்தி கிட்டும் என்பது அவர் கணக்கு. மாடத்தின் கதவு திறந்தது. திறந்தது அந்த ஒரு கதவு மட்டுமே. எஸ்.பி.ஜி.யும் பார்படோஸில் காட்ரிங்டன் தோட்டங்களையும் அங்கிருந்த அடிமைகளையும் 1710 முதல் உடைமையாக வைத்திருந்தது. 2023இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி தன் நூலகத்திலிருந்து பெர்க்லியின் பெயரை நீக்க முடிவு செய்ததன் பின்னணி இதுவே.

இதே காலத்தில் மறுகுரல் எழவே இல்லை என்று கொள்வது பிழை. நிலக் கொடையாளர் ஜான் ஹல்லின் மருமகன் சாமுவேல் சூவல், 1700இலேயே பாஸ்டனில் 'தி செல்லிங் ஆஃப் ஜோசப்' என்ற அடிமை எதிர்ப்புத் துண்டுநூலை வெளியிட்டார். நியூ இங்கிலாந்தில் அச்சான முதல் அடிமை எதிர்ப்பு நூல் அது. அதாவது, மெக்ஸ்பாரன் காலத்து மனிதருக்கு வேறு விதமாக எண்ணவே இயலாது என்ற வழக்கமான சமாதானம் இங்கே செல்லுபடியாகாது. பெட்டகுவாம்ஸ்கட் நிலத்தோடு உறவுடைய குடும்பத்திலேயே ஒருவர் வேறு விதமாக எண்ணி, அதை அச்சிலும் ஏற்றியிருந்தார்.

இனி, 'எபிஸ்கோபல்' என்ற பெயர். 'எபிஸ்கோபோஸ்' என்றால் மேலிருந்து பார்ப்பவர். தமிழ்த் திருமறையில் இதற்குக் கண்காணி என்ற சொல் உண்டு. ஆங்கிலிக்கன் வழக்கில் அத்தியட்சர். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர். 'கண்காணி' என்பது தேயிலைத் தோட்டங்களில் கூலியாட்களை மேய்த்த கங்காணியும் ஆயிற்று. மூலச் சொல்லில் உள்ள இரட்டைத் தன்மை தமிழில் தற்செயலாக வெளிப்பட்டுவிட்டது. நாரகான்செட்டில் அவ்விரண்டு பொருள்களும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன.

விந்தை என்னவெனில், பேராயர்களைப் பெயரிலேயே கொண்ட இச்சபைக்கு அமெரிக்காவில் ஒரு பேராயரும் இல்லை. குருவாக விரும்பியவர் கடல் கடந்து இங்கிலாந்து செல்லவேண்டும். வழியில் பெரியம்மையிலும் கப்பற்சேதத்திலும் பலர் மாண்டனர். திடப்படுத்தல் பெறாமலேயே தலைமுறைகள் நற்கருணை பெற்றன. மெக்ஸ்பாரன் இக்குறையை ஆழமாக உணர்ந்தவர். அமெரிக்காவுக்கு வரும் பேராயர் ஒருவருக்கு உதவும்படி, தம் பண்ணையை நிபந்தனையுடன் உயில் எழுதினார். 1754இல் மனைவியுடன் இங்கிலாந்து சென்றார். 1755இல் ஹானா லண்டனில் பெரியம்மையால் இறந்தார். தனியே திரும்பிய மெக்ஸ்பாரன் 1757 டிசம்பரில் காலமானார். நற்கருணை மேசைக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1756 ஏப்ரல் 11 அன்று, மூக்குப்பொடி ஆலை நடத்தியவரின் குழந்தை ஒன்றுக்கு அவர் திருமுழுக்குக் கொடுத்தார். குழந்தையின் பெயர் கில்பர்ட் ஸ்டூவர்ட். பின்னாளில் அவர் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் முகமே ஒரு டாலர் தாளில் உலகெங்கும் புழங்குகிறது. இத்தேவாலயத்தைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகள் இதைச் சொல்லத் தவறுவதில்லை.

அடுத்து 1760இல் வந்த சாமுவேல் ஃபேயர்வெதர் காலத்தில், மன்னருக்கான மன்றாட்டே சிக்கலாயிற்று. குருவாக எடுத்த உறுதிமொழி அதை விடக்கூடாது என்றது. சபையார் அதைக் கேட்க விரும்பவில்லை. 1774 அளவில் கதவுகள் மூடப்பட்டன. போரின்போது கட்டடம் படைவீரர் தங்குமிடமாயிற்று. 1781இல் ஃபேயர்வெதரும் இறந்து, முன்னவரின் அருகில் அடக்கமானார்.

1784இல் இரண்டு நிகழ்வுகள். நவம்பரில் சாமுவேல் சீபரி ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பேராயராக அபிஷேகம் பெற்றார். மன்னருக்கு விசுவாச உறுதி எடுக்காத ஒருவரை இங்கிலாந்துப் பேராயர்கள் சட்டப்படி அபிஷேகம் செய்ய இயலாததால், அரசோடு பிணக்குற்றிருந்த ஸ்காட்லாந்துப் பேராயர்களை அவர் நாடினார். தேவாலயம் எழுந்து எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவுக்குப் பேராயர் கிடைத்தார். அதே ஆண்டு ரோட் ஐலண்ட் படிப்படியான விடுதலைச் சட்டத்தை இயற்றியது: மார்ச் 1க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள், குறிப்பிட்ட வயதை எட்டியதும் விடுதலை பெறுவர். ஏற்கெனவே பிறந்துவிட்டவர்களுக்கு அச்சட்டம் எதையும் தரவில்லை.

பண்ணைப் பொருளாதாரம் அப்போதே சரிந்திருந்தது. பெரும் நிலங்கள் துண்டாயின. மக்கள் துறைமுகத்தை நோக்கி நகர்ந்தனர். தேவாலயம் அவர்கள் பின்னே சென்றது. விக்ஃபோர்ட்டில் அதற்கு ஒரு கோபுரம் சேர்க்கப்பட்டது. 1866இல் அது சரிந்து விழுந்தது. 1847இல் சபையார் ஊரின் முதன்மைத் தெருவில் புதிய ஆலயம் எழுப்பத் தொடங்கினர். பழையது கைவிடப்பட்டதாலேயே பெரிதும் மாறாமல் தப்பியது. வளமான சபையாக இருந்திருந்தால் அதை இடித்துக் கட்டியிருப்பார்கள்! 1914இல் அது மறைமாவட்டத்தின் பொறுப்புக்குச் சென்றது.

அதே 1847இல் வில்கின்ஸ் அப்டைக் என்ற வழக்கறிஞர் நாரகான்செட் எபிஸ்கோபல் சபையின் வரலாற்றை நூலாக்கினார். விக்ஃபோர்ட்டை உருவாக்கிய குடும்பத்தின் வழித்தோன்றல் அவர். பண்ணைக் காலத்தின் விருந்தோம்பல் மீது அவருக்கு ஏக்கம் மிகுதி. பிறகு, விக்ஃபோர்ட்டில் குருவாக இருந்த டேனியல் குட்வின், மெக்ஸ்பாரனின் நாட்குறிப்பை 1899இல் பதிப்பித்தார். ஹானிபலின் கழுத்துப் பட்டையும் மரோகாவின் சாட்டையடியும் அன்று முதல் அச்சில் உள்ளன. அவற்றை மறைத்தவர் எவருமில்லை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, இத்தேவாலயத்தின் கதை என்பது அழகிய சன்னல்கள், அன்னி அரசியார் வழங்கிய வெள்ளிக் கிண்ணம், டாலர் தாளின் ஓவியர் என்பவற்றின் கதையாகவே சொல்லப்பட்டது. ஆவணம் இல்லாமையை வரலாற்றுக் குறைகளுக்குக் காரணமாகச் சொல்வது ஆய்வுலகின் பழக்கம். இங்கே ஆவணம் இருந்தது. வாசிப்பவர்கள் அதில் வேறொன்றைத் தேடினார்கள்.

தேவாலயம் முதலில் நின்ற மேட்டை இன்றும் 'பிளாட்ஃபார்ம்' என்றே அழைக்கிறார்கள். கட்டடம் பெயர்க்கப்பட்டபோது கல்லறைகள் அங்கேயே தங்கின. நற்கருணை மேசை இருந்த இடம் திறந்த வெளியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெக்ஸ்பாரனுக்கு அங்கே கல்லால் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மேல்மாடம் கட்டடத்தோடு விக்ஃபோர்ட்டுக்கு வந்துவிட்டது. கோடைக் காலத்தில் அங்கு இன்றும் ஆராதனை நடைபெறுகிறது.